வீகன் சாப்பாடு ஈஸிதான், பி12 மட்டும் மறக்காதீங்க

1/ நான் பெரும்பாலும் வீகன். பால், தயிர், நெய், முட்டை கிடையாது. "டியூட்டி, பஸ்னு அலையுறீங்களே, சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க டாக்டர்?"னு கேக்குறீங்க.

2/ அது ஈஸிங்க. எந்த பஸ் ஸ்டாண்ட்லயும் இட்லி, சாம்பார் கிடைக்கும். "தோசைக்கு எண்ணெய் போதும்ணே"னு சொல்லிடுவேன். பொங்கல்ல நெய் இருக்கும், தொடமாட்டேன். பையில வேர்க்கடலை, வாழைப்பழம்.

3/ கவனிக்க வேண்டியது வைட்டமின் பி12. தாவர உணவில் போதுமான அளவு கிடைக்காது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால், குறைபாடு தெரியவே சில வருஷம் ஆகும். அப்புறம் பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும்.

4/ "தினமும் கீரை சாப்பிடுறேனே"ன்னு நினைக்காதீங்க. கீரையில் உள்ள ஃபோலேட் ரத்தசோகையை மறைச்சிடலாம், நரம்பைக் காப்பாத்தாது. லேட்டானா பாதிப்பு முழுசா சரியாகாமலும் போகலாம்.

5/ நான் பி12 மாத்திரை போடுறேன். நீங்களும் வீகன்னா டாக்டர்கிட்ட கேட்டு ஆரம்பிங்க. சுகருக்கு மெட்ஃபார்மின் எடுக்கறவங்க பி12 டெஸ்ட் பத்தியும் கேளுங்க.