அதுகூடவா எழுதணும்?

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ரெண்டு நாளா இந்த கன்ட்ரோலரை ஓட வைக்க முடியல மாமா, இந்த வேலை எனக்கு சரிப்பட்டு வராதுபோல" என்றாய். வாடிப்போன உன் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உனக்கு வந்த சிக்கல் என்ன? இங்கிரஸ் கன்ட்ரோலரின் இமேஜை உன் மெஷினில் ஒழுங்காகக் கட்டினாய். கைண்ட் வைத்து ஒரு குட்டி குபர்நெட்டீஸ் கிளஸ்டரை எழுப்பி அதில் டெப்லாய் செய்தாய். பாட் எழவில்லை. 'இமேஜ் புல் பேக்ஆஃப்' என்றே திரும்பத் திரும்ப வந்தது. கைண்டில் ஒவ்வொரு நோடும் தனி கன்டெய்னர். உன் லேப்டாப்பில் இருக்கும் இமேஜ் அதன் கண்ணுக்குத் தெரியாது, 'கைண்ட் லோட்' கட்டளை போட்டு நாம்தான் உள்ளே ஏற்ற வேண்டும். அதோடு நீ 'லேட்டஸ்ட்' என்று டேக் வைத்திருந்தாய். அந்தப் பெயரைக் கண்டால், வேறுவிதமாகச் சொல்லாதவரை, குபர்நெட்டீஸ் கையில் இருப்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் வெளியே ரெஜிஸ்ட்ரியில்தான் போய்க் கேட்கும். டேக்கை மாற்றி, இமேஜை ஏற்றினோம். பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டது.

மொத்தம் இரண்டு வரி. உங்கள் டீம் டாக்குமென்டில் அந்த இரண்டு வரி இல்லை. உன் சீனியரிடம் சொன்னதற்கு "அதுகூடவா எழுதணும்?" என்றாராம். அந்தக் கேள்வி இருபத்திரண்டு வயதிலேயே என் காதில் விழுந்துவிட்டது.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை. நைட் ஷிப்டில் நான் தனியாள். கூலிங் வாட்டர் பம்பை ஓட்ட வேண்டும். சீனியர் எழுதி வைத்த நோட்டில் இப்படி இருந்தது: "பம்பை ஸ்டார்ட் செய். பிரஷர் ஏறியதும் டெலிவரி வால்வைத் திற." ஸ்டார்ட் செய்தேன். முள் ஏறவில்லை. இப்போது ஏறும், இப்போது ஏறும் என்று கேஜையே பார்த்துக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில் கருகல் வாடை. கிளாண்ட் பேக்கிங்கிலிருந்து புகை. பம்புக்குள் தண்ணீரே இல்லை. முதலில் சக்‌ஷன் வால்வைத் திறந்து, மேலே இருக்கும் சின்ன வென்ட் காக்கைத் திருகி, காற்றெல்லாம் போய்த் தண்ணீர் வழிகிறவரை விட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்விட்சில் கை வைக்க வேண்டும். பிரைமிங் என்பார்கள். காலையில் வந்த சீனியர் கேட்டார், "பிரைம் பண்ணணும்னு அதுகூடவா எழுதணும்?"

அவர் கெட்டவர் இல்லை. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். இருபது வருடமாக அந்தப் பம்பைத் தொட்டவர். பம்பை நெருங்கும்போதே அவர் கை தானாக வென்ட் காக்குக்குப் போய்விடும். அதை ஒரு வேலை என்றே அவர் மனம் கணக்கில் வைக்கவில்லை. கணக்கில் இல்லாதது நோட்டில் எப்படி வரும்? மறுநாள் அந்த நோட்டில் மூன்று வரி சேர்த்தேன். மூன்று வால்வுக்கும் சிவப்பு பெயின்டில் நம்பர் போட்டேன். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் வந்து முப்பது வருடம் சர்வர்களோடு இருந்தேன். அந்த நோட்டும் சிவப்பு நம்பரும் என்னை விட்டுப் போகவில்லை.

நீ வேலை செய்கிற பொருள் என்னவென்று ஒருமுறை நிதானமாகப் பார். குபர்நெட்டீஸ் என்றால் கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர், நம் பழைய தமிழில் மீகாமன். அதனால்தான் அதன் சின்னத்தில் கப்பல் சக்கரம். நம் மீஞ்சூர்க்காரனுக்கு இதைப் புரியவைக்கப் படம் வரையத் தேவையில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளைத் தினமும் பார்க்கிறாய். கேட்டில் சீட்டைப் பார்த்து, இந்த வண்டி இந்த யார்டு என்று திருப்பி விடுகிறவர் இல்லாவிட்டால் உள்ளே எத்தனை கிரேன் நின்று என்ன பயன்? கிளஸ்டருக்குள் வருகிற ஒவ்வொரு கோரிக்கைக்கும் அந்த கேட் வேலையைச் செய்வதுதான் இங்கிரஸ் கன்ட்ரோலர்.

அப்படி உலகமெல்லாம் நம்பியிருந்த ஒரு கன்ட்ரோலரின் கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். குபர்நெட்டீஸ் சமூகமே பராமரித்து வந்த இங்கிரஸ் என்ஜினெக்ஸ். 2025 மார்ச்சில் அதில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது, தீவிரம் பத்துக்கு 9.8. அதே ஆண்டு நவம்பரில், 2026 மார்ச்சோடு பராமரிப்பை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பில் ஒன்றைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை பேர் பயன்படுத்திய பொருளை வளர்த்துக்கொண்டிருந்தது வருடக்கணக்காக ஒருவரோ இருவரோதான். அதுவும் சொந்த நேரத்தில், வேலை முடிந்த பிறகும் வார விடுமுறையிலும். இன்கேட் என்று மாற்று ஒன்றைத் தொடங்கினார்கள், அதற்கும் ஆள் சேரவில்லை.

ஆவணம் சரியில்லாததால்தான் ஆள் சேரவில்லை என்று சொல்ல மாட்டேன். காசு, நேரம், பொறுப்பு என்று பல காரணம் இருக்கும். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு நிச்சயம். உதவி செய்ய ஆசைப்பட்டு சனிக்கிழமை காலை உட்காருகிற ஒரு பிள்ளை, மாலைவரை பில்டே ஆகாமல் போனால், ஞாயிற்றுக்கிழமை திரும்பி வராது. யாரிடமும் புகார் சொல்லாது. அப்படி ஒருவர் வந்துபோனதே நமக்குத் தெரியாது.

இத்தனைக்கும் அவர்கள் 'மேக் டெவ் என்வ்' என்று ஒரே கட்டளை வைத்திருந்தார்கள். கிளஸ்டரை எழுப்பி, கன்ட்ரோலரைக் கட்டி, உள்ளே ஏற்றி ஓட விட்டுவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே கட்டளை பாதி வழியில் உடைந்தால், எந்தப் படியில் உடைந்தது என்று புதியவருக்குத் தெரியாது. அதனால் கட்டளையை எழுதுவதோடு நிறுத்தாமல், அது உள்ளே வரிசையாக என்னென்ன செய்கிறது, ஒவ்வொன்றும் சரியாக முடிந்தால் திரையில் என்ன தெரியும் என்பதையும் எழுது. என் நோட்டில் "வென்ட் காக்கில் தண்ணீர் வழியும்வரை" என்று எழுதினேனே, அதுமாதிரி.

பெயர் விஷயத்தில் இன்னும் கவனமாக இரு. இங்கிரஸ் என்ஜினெக்ஸ் சமூகத்துடையது, என்ஜினெக்ஸ் இங்கிரஸ் எஃப்ஃபைவ் கம்பெனியுடையது. இரண்டும் வேறு. ஒன்றின் அனோட்டேஷனை மற்றொன்றில் எழுதிவிட்டு நாள் முழுக்கத் தேடியவர்களை எனக்குத் தெரியும். ஆப்பிள் எம் சிப் லேப்டாப்பில் கட்டிய இமேஜை சாதாரண இன்டெல் சர்வரில் ஏற்றினால் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' வரும் என்பதையும் ஒரு வரி சேர்.

இவற்றை இந்த வாரமே எழுது, தம்பி. நீ தடுமாறியது இன்னும் உன் விரலில் இருக்கிறது. ஒரு மாதம் போனால் உன் கையும் தானாகவே டேக் வைக்கும், தானாகவே இமேஜை ஏற்றும். அப்போது உன்னிடம் ஒருவர் வந்து கேட்டால், அதே கேள்விதான் உன் வாயிலிருந்தும் வரும். உங்கள் கம்பெனி இப்போது இங்கிரஸை விட்டு கேட்வே ஏபிஐக்கு மாறுகிறது என்றாய். நல்ல சமயம். புது கன்ட்ரோலர் உன் சீனியருக்கும் புதிது, இந்த ஒரு மாதம் அவரும் உன்னைப்போலத் தடுமாறுவார். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எங்கே நின்றார் என்பதையும் குறித்துக்கொள்.

வருகிற ஞாயிறு பொன்னேரியிலிருந்து ஒரு பெண் வருகிறாள். இன்ஜினியரிங் கடைசி வருடம். அவள் லேப்டாப்பில் டாக்கர்கூட இன்னும் போடவில்லை. நீ எழுதியதைக் கொடுத்து அவளையே ஓட்டச் சொல்வோம். நீ வாயைத் திறக்கக் கூடாது. அவள் எங்கே நிறுத்தி உன் முகத்தைப் பார்க்கிறாளோ, அந்த வரியைக் குறித்துக்கொள். ஒன்பது மணிக்குள் வந்துவிடு, வரும்போது சிவப்புப் பேனா ஒன்று கொண்டு வா.