ஏல மலையில் மெக்கானிக்கைத் தேடி

ஜீப்பை எந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும் சரியாகிவிடும். பழைய ஐரோப்பிய காரை யாரிடம் விடுவது?

பொழுது விடியும் முன்பே கம்பம், கூடலூர் வட்டாரத்தில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. தூக்குச்சட்டியில் மதியச் சாப்பாட்டோடு பெண்கள் நெருக்கியடித்து ஏறிக்கொள்ள, வண்டிகள் மலையை நோக்கித் திரும்புகின்றன. சில கம்பம்மெட்டு வழியாக, சில குமுளி வழியாக. ஏலத்தோட்டத்தில் வேலை முடிந்து மாலையில் அதே கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். ஏறும்போது என்ஜினை நம்ப வேண்டும். இறங்கும்போது பிரேக்கை நம்ப வேண்டும். இரண்டையும் கழற்றி மாட்டுகிற மெக்கானிக்கை எல்லா நேரமும் நம்ப வேண்டும்.

குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டி நெடுங்கண்டம் போகும் சாலையில் திரும்பினால் கொஞ்ச தூரத்தில் சக்குபள்ளம் பஞ்சாயத்து வந்துவிடுகிறது. அணக்கரைதான் இதன் கடைவீதி. பக்கத்திலிருக்கும் செல்லார்கோவில் முனையில் நின்றால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு வயலும் தோப்புமாக விரிகிறது. மேலே கேரளம், கீழே தமிழ்நாடு. கடைவீதியில் நிற்கும் வண்டிகளின் நம்பர் பிளேட்டுகளும் அதையே சொல்கின்றன. தேனியின் டி.என். 60, உடும்பன்சோலையின் கே.எல். 69, வண்டிப்பெரியாரின் கே.எல். 37. மெக்கானிக்கைக் கூப்பிடும் முறையும் இரண்டு. தமிழ்க்காரர் ‘அண்ணே’ என்கிறார். மலையாளி ‘சேட்டா’ என்கிறார். ஒர்க்‌ஷாப்பில் மூத்தவராக இருந்தால் ‘ஆசான்’.

இந்த ஊர்களில் ஜீப் வைத்திருப்பவர் மெக்கானிக்கைத் தேடி அலைவதில்லை. எந்தப் பட்டறைக்குப் போனாலும் கமாண்டரையோ மேஜரையோ கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப்போடும் ஆள் ஒருவர் இருப்பார். தவறாகச் செய்தால் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கும் டிரைவரே கண்டுபிடித்துவிடுவார். ஏமாற்றுவது கஷ்டம். ஏனென்றால் ஜீப்பின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும்.

அந்த வயிற்றுக்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜீப் அமெரிக்காவின் வில்லிஸ் வழி வந்த வண்டி. ஆனால் மஹிந்திரா நிறுவனம் 1979-ல் பிரான்ஸின் பெஜோ கம்பெனியிடம் டீசல் என்ஜினுக்கு உரிமம் வாங்கியது. 2,112 சி.சி. கொண்ட அந்த என்ஜின்தான் எம்.எம். 540 ஜீப்பில் வந்தது. பின்னால் அதன் 2.5 லிட்டர் உறவுக்காரர் அர்மடாவிலும் பொலேரோவிலும் குடியேறினார். ஐரோப்பிய என்ஜினைப் பழுது பார்க்க மலையில் ஆள் கிடைக்காது என்று சொல்பவர்கள், பல ஆண்டுகளாக ஒரு பிரெஞ்சு என்ஜினை இங்கே ஸ்பேனரும் சுத்தியலுமாகப் பழுது பார்த்து வருவதை மறந்துவிடுகிறார்கள்.

அதே பெஜோவின் காருக்கு நேர்ந்த கதி வேறு. 1990-களின் நடுவில் பிரீமியர் நிறுவனத்தோடு சேர்ந்து மும்பை அருகே கல்யாணில் பெஜோ 309 காரைத் தயாரித்தார்கள். சில ஆண்டுகளிலேயே தயாரிப்பு நின்றது. காரை வாங்கியவர்கள் உதிரி பாகத்துக்காக ஊர் ஊராக அலைந்தார்கள். ஒரே கம்பெனியின் என்ஜின் மலைவாசியாகிவிட்டது, கார் அனாதையாகிவிட்டது. காரணம் தரம் அல்ல. என்ஜினின் பாகங்கள் இந்தியாவிலேயே தயாராகிச் சின்ன ஊர்க் கடைகள் வரை வந்தன. அதைப் பிரித்து மாட்டும் வித்தை ஆயிரம் கைகளுக்குப் போனது. 309-ன் வித்தை கம்பெனியோடு வந்து கம்பெனியோடு போய்விட்டது.

செகண்ட் ஹேண்டில் ஐரோப்பிய கார் வாங்க நினைக்கும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இது. ஏல மலையில் அப்படி நினைப்பவர்கள் குறைவில்லை. ஏலக்காய் விலை ஏறும்போது கார் ஆசையும் ஏறும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ அதிகபட்சமாக 7,000 ரூபாய் வரை போனது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் விலை தலைகீழாகச் சரிந்தது. விலை உச்சத்தில் இருக்கும்போது வாங்கிய காரை, விலை சரிந்த பின்பு பராமரிக்க வேண்டியிருக்கும். செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஐரோப்பிய கார் மலிவாகக் கிடைப்பதே அடுத்தவர் அந்தப் பராமரிப்புச் செலவைக் கண்டு பயந்ததால்தான்.

இன்னொரு வழியாகவும் மலிவு வந்தது. டெல்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் கார்கள் ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதையும், 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததையும் அடுத்து, அங்கே விலை விழுந்த சொகுசு கார்கள் தெற்கே இறங்கின. பளபளப்பாக வந்த காரின் பின்னால் மறுபதிவு, என்.ஓ.சி., சாலை வரி என்று ஒரு வரிசை நின்றது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவு எண் வாங்க வேண்டும் என்பது சட்டம். எல்லையில் ஒரு காலும் தோட்டத்தில் ஒரு காலுமாக வாழ்பவர்களுக்கு இது வெறும் காகித விஷயமில்லை.

ஜீப்பை உருட்டிய கைகளுக்கு இந்தக் காரில் என்ன சிக்கல்? பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடி. அதற்குக் கீழே சென்சார்களும் ஒயர்களும். பழுது எங்கே என்று காதால் கேட்டுச் சொல்லும் ஆசானுக்கு இங்கே ஸ்கேனர் வேண்டும். 2010-க்குப் பிறகு வந்த பி.எஸ். 4 கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஸ்கேனரைச் செருகினால் குறியீட்டு எண் வரும். சில நூறு ரூபாய் கருவிகூட எண்ணைப் படித்துவிடும். ஆனால் எண் என்பது புகார் மட்டுமே, தீர்ப்பு அல்ல. சென்சார் கெட்டது என்று எண் சொல்லும்போது உண்மையில் எலி கடித்த ஒயராக இருக்கலாம். எண்ணைப் பார்த்ததும் புது சென்சார் வாங்கச் சொல்பவரும், மல்டிமீட்டரை எடுத்து ஒயரைத் தொட்டுப் பார்ப்பவரும் ஒரே கருவியைத்தான் வைத்திருக்கிறார்கள். நம்பகமானவர் யார் என்பது இங்கே தெரிந்துவிடுகிறது.

முழுமையாகப் படிக்கும் கருவிகளையும் அசல் உதிரி பாகங்களையும் கம்பெனிகள் நெடுங்காலம் தங்கள் டீலர்களுக்கு மட்டுமே கொடுத்துவந்தன. ஷம்ஷேர் கடாரியா என்பவர் ஹோண்டா, ஃபோக்ஸ்வேகன், ஃபியட் கம்பெனிகள் மீது கொடுத்த புகாரை 2011-ல் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. விசாரணை மற்றக் கம்பெனிகளுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்டில் 14 கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம். உதிரி பாகங்களும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்றும் உத்தரவு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை ‘பழுது பார்க்கும் உரிமை’ என்று ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. அதில் மோட்டார் வாகனங்களும் உண்டு. டெல்லியில் நடந்த இந்த வழக்கு அணக்கரைக்கு எதற்கு என்று தோன்றலாம். ஐரோப்பியக் கம்பெனிகளின் சர்வீஸ் சென்டர்கள் பெரும்பாலும் கோட்டயம், கொச்சி, மதுரை போன்ற ஊர்களில். குமுளியிலிருந்து கோட்டயமும் மதுரையும் நூறு கிலோமீட்டருக்கு மேல். நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால், பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் கருவி இருக்கிறதா என்பதே கேள்வி.

ஆகவே காரைத் தேடும் முன் மெக்கானிக்கைத் தேட வேண்டும். எந்த காருக்கு இங்கே கை இருக்கிறதோ அந்த காரை வாங்க வேண்டும். ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் என்ஜின் 2007 முதல் மாருதி ஸ்விஃப்டிலும், பிறகு டாடாவின் இண்டிகா விஸ்டாவிலும் ஓடியது. இந்தியாவில் ஃபியட் கார் தயாரிப்பு நின்றுபோனாலும், புன்டோவின் என்ஜினைப் பார்க்க ஸ்விஃப்ட் டீசல் பார்த்த கை போதும். ரெனோ டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் என்ஜினும் அப்படித்தான். லோகன், வெரிட்டோ, நிஸான் கார்கள் என்று பல பெயர்களில் அதே என்ஜின். பெயர்ப்பலகையை விட்டுவிட்டு என்ஜினைப் பார்ப்பவருக்குப் பாதி பயம் குறைகிறது. கதவு, விளக்கு, கண்ணாடி போன்ற பாடி பாகங்களுக்கு மட்டும் அலைச்சல் தீராது.

ஆளை எப்படி எடை போடுவது? கார் விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக்கை விட்டுவிட்டு, வேறு ஒருவருக்குக் கூலி கொடுத்துக் காரைக் காட்டுவது முதல் வேலை. நல்லவர் என்ஜின் சூடாகும் முன் வந்து நிற்பார். குளிர்ந்த என்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது வரும் சத்தமும் புகையும் பொய் சொல்லாது. அடுத்து, டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்பார். டஸ்டர் டீசல் போன்ற என்ஜின்களில் அந்த ரப்பர் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும், என்ஜின் செலவு காரின் விலையையே தொட்டுவிடும். மல்டிஜெட்டில் பெல்ட்டுக்குப் பதில் செயின். இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லா காருக்கும் ஒரே பதில் சொல்பவரிடம் சாவியைக் கொடுக்கக் கூடாது.

பாகம் வாங்கும்போது காரின் 17 எழுத்து சேஸிஸ் எண்ணைக் கேட்கிறாரா என்று பார்க்கலாம். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு பாகம் மாறும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்காமலே டிக்கியில் வைத்துக் கொடுப்பவர், பில்லில் பாகத்துக்குத் தனியாகவும் கூலிக்குத் தனியாகவும் எழுதுபவர் கிடைத்தால் பாக்கியம். முதலில் ஆயில் மாற்றுவது போன்ற சின்ன வேலை கொடுத்துப் பார்ப்பது நல்லது. கம்பெனி புத்தகத்தில் சொன்ன அங்கீகார எண் டின்னின் பின்பக்கம் இருக்கிறதா என்று அவரே திருப்பிப் பார்த்தால் பெரிய வேலையும் கொடுக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய அடையாளம் ஒன்று உண்டு. ‘இது நம்ம கையில ஆகாது, மதுரைக்குக் கொண்டுபோங்க’ என்று சொல்லும் வாய். இரட்டை கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைக் கருவி இல்லாமல் பிரித்துப் பழகிக்கொள்ள அடுத்தவர் கார் கிடைத்தது என்று நினைக்காதவரே நல்ல மெக்கானிக். தன் எல்லை தெரிந்தவர், அந்த எல்லைக்குள் செய்யும் வேலையில் தவறுவது அபூர்வம்.

மலையில் இந்தக் கவனம் உயிர் விஷயமாகிவிடுகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். இறக்கம் முழுவதும் பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் அந்தச் சூடு சாதாரணம். ஆயில் கொதித்து ஆவியானால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. சமவெளியில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதை, மழைக்காலம் நீண்ட ஏல மலையில் தள்ளிப்போடுவது ஆபத்து. மூடியைத் திறந்து ஆயிலின் நிறத்தைப் பார்த்து, கேட்காமலே மாற்றச் சொல்பவர் லாபத்துக்காகச் சொல்கிறார் என்று சந்தேகப்படத் தேவையில்லை.

வேலை முடிந்ததும் பட்டறைகளில் ‘ட்ரையல்’ பார்ப்பார்கள். குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்கும் சாலையைவிட நல்ல பரீட்சைக் கூடம் கிடையாது. பெரியாற்றுத் தண்ணீரை மின் நிலையத்துக்கு இறக்கும் பிரம்மாண்டக் குழாய்கள் மலைச்சரிவில் தெரிய, வளைவுக்கு வளைவு கியரைக் குறைத்து இறங்க வேண்டும். பிரேக் வேலை முடித்த மெக்கானிக்கிடம் கடைசியாகக் கேட்க வேண்டியது ஒன்றுதான். கீழே வரை கூட வர முடியுமா? கையைத் துடைத்துக்கொண்டு முன் சீட்டில் வந்து உட்கார்ந்தால், தேடல் அங்கே முடிந்துவிடுகிறது.