இரண்டு பிறப்புச் சான்றிதழ்

ஸ்கார்பரோ, கனடா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

தங்கச்சி பாப்பாவோடு இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற, கீழ்ப்புத்துப்பட்டு இலங்கை அகதிகள் முகாம் பெண்ணுக்கு இங்கே ஒரு வேலை பார்த்துத் தர முடியுமா என்று கேட்டீர்கள். "கம்ப்யூட்டர்ல புலிடா, நம்ம பாப்பாவுக்கே அவதான் சொல்லித் தர்றா" என்றீர்கள். போனில் பாதிதான் பேச முடிந்தது. மீதியை எழுதுகிறேன்.

பணத்துக்கு இரண்டு பேருக்கும் ஏதோ வழி பிறந்துவிட்டது. ஐப்பசி மழை இறங்கினால் மரக்காணம் உப்புப் பாத்திகளில் வேலை நின்றுவிடும். கையில் காசில்லாத அந்த நாளில்தான் கல்லூரியில் பீஸ் கேட்பார்கள். 2010இல் வந்த முதல் பட்டதாரி கட்டணச் சலுகை இல்லையென்றால் பாப்பாவும் இந்நேரம் பெருமுக்கல் மலையடியில் ஆடு ஓட்டிக்கொண்டிருப்பாள். முகாம் பிள்ளைகளுக்கு 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் ஒரு திட்டம் அறிவித்தார்கள். பொறியியலில் மதிப்பெண் அடிப்படையில் ஆண்டுக்கு முதல் 50 பேருக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். சும்மா சொல்லக் கூடாது, நல்ல காரியம். அந்த ஐம்பதில் ஒருத்தி என்றால் புலியேதான்.

ஆனால் என் கம்பெனி விண்ணப்பத்தில் குடியுரிமை என்று ஒரு கட்டம் இருக்கிறது. தொட்டால் நாடுகளின் பட்டியல் விரியும். அவள் எதைத் தொடுவாள்? பிறந்தது தமிழ்நாட்டில், ஆதார் கூட இருக்கும். ஆனால் ஆதார் குடியுரிமை ஆகாது. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து இலங்கைக் குடிமகள் ஆகலாம். கண்ணால் பார்த்திராத ஊரின் பாஸ்போர்ட் கைக்கு வரும், அதோடு பிறந்த ஊரில் வெளிநாட்டுக்காரி ஆகிவிடுவாள். 2019இல் திருத்திய குடியுரிமைச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும்தான், இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் ஒரு தளர்வு வந்தது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்று வழக்குப் போடமாட்டார்கள். வழக்கு இல்லை, அவ்வளவுதான். பாஸ்போர்ட்டும் இல்லை.

என் பக்கத்து மேசையில் வேலை செய்பவரின் பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 150க்கும் மேற்பட்ட தமிழர்களைக் கனடா மீனவர்கள் காப்பாற்றிய கதையை அவர் வீட்டில் இன்னும் பேசுவார்கள். அவர் பிறந்தது டொரண்டோவில். பிறந்த அன்றே கனடியர். ஒன்ராறியோ மாணவர் உதவியில் படித்து, இன்று எனக்கு மேலதிகாரி. ஏஜெண்டுக்குக் கொடுக்க நகை இருந்த குடும்பம் கனடா வந்தது. இல்லாத குடும்பம் ராமேசுவரத்தில் இறங்கியது. அவருக்கும் உங்கள் முகாம் பெண்ணுக்கும் நடுவில் நான் பார்க்கிற வித்தியாசம் அதுதான். மூளையில் ஒன்றும் கூடக் குறைய இல்லை.

கைவிட வேண்டாம், ஒரு சந்து இருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாரானாலும், பிறப்பால் இந்தியர். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதை வைத்துத்தான் 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார். 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். இலங்கையில் நடந்த 83 கலவரத்துக்குப் பின் வந்தவர்கள் பலர் 87 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை நம்பித் திரும்பிப் போய், 90இல் மறுபடி படகேறியவர்கள். அப்படிப்பட்ட குடும்பமென்றால், அவள் அம்மா முதல் தடவை வந்திருந்தபோது மண்டபத்தில் பிறந்திருக்கக் கூடும். அப்படியானால் அம்மா இந்தியர்.

மகளுக்கு அது போதுமா என்பது அவள் பிறந்த தேதியைப் பொறுத்தது. 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்திருந்தால் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அன்றோ அதற்குப் பிறகோ என்றால், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது என்று விதி மாறிவிட்டது. அப்பா படகில் வந்தவர், கதவு சாத்தியாயிற்று. கடைசி வருஷம் படிக்கிற பெண் 2004இலோ 2005இலோ பிறந்தவளாக இருப்பாள். எந்த வருஷம், எந்தத் தேதி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலுக்குப் போவீர்கள் அல்லவா, முகாம் பக்கத்தில்தான். அம்மா, மகள் இருவரின் பிறப்புச் சான்றிதழையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவுடையது இல்லையென்றால் மண்டபத்தில் எந்த ஆஸ்பத்திரி, எந்த வருஷம் என்றாவது கேளுங்கள். அதற்குள் படகு, கள்ளப் பாஸ்போர்ட் என்று எந்த ஏஜெண்டாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லவும்.