மலையைத் தாண்டி ஓர் இண்டர்வியூ!

தென்காசி என்றதும் குற்றால அருவிதான் நமக்கு ஞாபகம் வரும். சாரல் காலத்தில் போய், தலையை அருவிக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அங்கிருந்து வடக்கே, மதுரை ரோட்டில் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வாசுதேவநல்லூரில் இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு. மேற்கே மதில் எழுப்பியது போல மலைத்தொடர். அடிவாரத்தில் வயலும் தோப்பும். ஊருக்குள் அர்த்தநாரீசுவரர் கோயில்.

பாதி உடம்பையே அம்பாளுக்குக் கொடுத்த சுவாமி குடியிருக்கும் ஊர். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி கடல் கடந்து உத்தியோகம் பார்க்கப் புறப்பட்டால் மட்டும் அக்கம்பக்கத்தார் வாயைப் பிளக்கிறார்களே, இது என்ன நியாயம்?

அவள் ஆங்கிலத்தில் பட்டம் பெற்றவள், பி.எட். முடித்தவள். மாலத் தீவில் ஆங்கில ஆசிரியை வேலைக்குத் திருவனந்தபுரத்தில் இண்டர்வியூ. துணைக்குத் தாயார். பஸ்ஸில் அவர்களுடன் நாமும் சேர்ந்துகொண்டோம்.

நம்மவர்கள் வாத்தியார் வேலைக்குக் கடல் தாண்டுவது புதிதல்ல. ஹெயிலி செலாசி சக்கரவர்த்தியின் காலத்திலேயே எத்தியோப்பியப் பள்ளிகளுக்கு ஏராளமான இந்திய ஆசிரியர்கள் போனார்கள். மாலத் தீவில் ஆங்கில வழிக் கல்வி 1960-களின் தொடக்கத்தில் வேரூன்றியது. அன்று முதல் வெளிநாட்டு ஆசிரியர்கள் அங்கே தேவைப்படுகிறார்கள். கேரளத்தாரும் தமிழ்நாட்டாரும் அவர்களில் நிறையப் பேர்.

புளியங்குடியில் பஸ் நின்றது. எலுமிச்சைக்குப் பேர்போன ஊர் அல்லவா? தாயார் நாலு பழம் வாங்கி மகளிடம் ஒன்றை நீட்டினார்.

"ஏட்டி, மலை ஏறும்போது கொமட்டும். மோந்துக்கோ."

மகளுக்கு எங்கே காது கேட்டது? பெரிய பெரிய ஆங்கில வாக்கியங்களாக முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தென்காசியில் பஸ் மாறி, 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டையைக் கடந்து, புளியரை வளைவுகளில் ஏறினோம். வெயில் மறைந்து பச்சை சூழ்ந்தது. ஆரியங்காவு அருகே பதின்மூன்று கண் ரயில் பாலம் அணிவகுத்து நின்றது. அவள் அதையும் பார்க்கவில்லை!

இண்டர்வியூ முடிந்து வெளியே வந்தவள், நடந்ததைச் சொன்னாள். மனப்பாடம் செய்த வாக்கியங்கள் ஒன்றுமே உதவவில்லையாம். "எட்டு வயதுக் குழந்தை. ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. புத்தகமும் இல்லை. பாடம் நடத்துங்கள்" என்றார்களாம்.

அங்கே குழந்தைகளின் தாய்மொழி திவேஹி. அதன் 'தானா' எழுத்தை வலமிருந்து இடமாக எழுதுவார்கள். ஆங்கிலம் என்றால் கையையும் கண்ணையும் எதிர்த் திசையில் திருப்ப வேண்டும். அந்தக் குழந்தையிடம் நம் இலக்கணப் பாண்டித்தியம் செல்லுமா?

கைப்பையைத் துழாவினாள். எலுமிச்சம்பழம் அகப்பட்டது! 'லெமன்' என்றாள், நிறத்தைச் சொன்னாள், முகர்ந்து காட்டினாள், கடித்தது போல முகத்தைச் சுளித்துப் புளிப்புக்கு வார்த்தை சொன்னாள். எதிரே இருந்தவர்கள் சிரித்துவிட்டார்களாம்.

அடுத்து, சிறு தீவு ஒன்றில் தனியாக இருக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். சுமார் 1,200 தீவுகளில் மக்கள் வசிப்பவை 200-க்குள்தான். எந்தத் தீவில் போடுவார்களோ, யார் கண்டது? அவள் தயங்காமல் திருப்பிக் கேட்டாள்: தங்கும் இடம் யார் பொறுப்பு? விமானக் கட்டணம் யாருடையது? ஒப்பந்தம் எத்தனை வருஷம்? உடம்புக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நேரப் படகுப் பயணம்?

சகோதரிகளே, இந்த நாலு கேள்விகளையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விடையை வாயால் பெற்றால் போதாது. ஒப்பந்தத்தில் எழுத்தாகப் பெற வேண்டும். நடுவே தரகர் வந்தால், மத்திய அரசின் 'இ-மைகிரேட்' தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைப் பற்றிப் பேசலாம்.

முடிவு பின்னால் தெரிவிப்பார்களாம். ஊர் திரும்பும் பஸ்ஸில் தாயார் வெகுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு நம்மிடம், "வேலை கெடச்சா அனுப்பத்தான் வேணும், தம்பி. இம்புட்டு விவரமாக் கேக்கிறவ அங்க போயி ஏமாறவா போறா?" என்றார்.

மகள் இப்போதுதான் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள்.