கரையொதுங்கிய இளவரசன்

வடபிரான்சின் செயின்ட் ஓமர் நகரில் கூரையிழந்து நிற்கிறது புனித பெர்தின் மடாலயம். மடம் தோன்றியது 7ஆம் நூற்றாண்டில். இன்று நாம் பார்க்கும் கோதிக் சுவர்கள் 14ஆம் நூற்றாண்டு முதல் எழுந்தவை. பிரெஞ்சுப் புரட்சி மடத்தை மூடியது. 1830களில் சொந்த ஊர்க்காரர்களே அதை இடித்து, அந்தக் கற்களை நகர மன்றம் கட்ட எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியிருந்த கோபுரமும் 1947இல் சரிந்துவிட்டது.

எட்வின் என்ற ஆங்கிலோ-சாக்சன் இளவரசனை அடக்கம் செய்தது இந்த மடத்தில்தான். இங்கிலாந்தின் புகழ்பெற்ற மன்னன் ஆல்ஃபிரடின் பேரன் அவன். தந்தை மூத்த எட்வர்ட் 924இல் இறந்தார். அடுத்த சில நாட்களிலேயே எட்வினின் உடன்பிறந்த அண்ணன் எல்ஃப்வேர்டும் இறந்தான். அரியணை, மூத்த தாரத்தின் மகனான அதெல்ஸ்டனிடம் போனது. தாயாதிப் பகைக்கு இதைவிட என்ன வேண்டும்?

933இல் எட்வின் கடலில் மூழ்கினான். ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு அதை ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. பின்னாளில் வந்தவர்களுக்கு அது போதவில்லை. அண்ணன் அதெல்ஸ்டனே மூழ்கடிக்கச் சொன்னான் என்று வட இங்கிலாந்தின் டர்ஹாமில் எழுதிவைத்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் மாம்ஸ்பரி வில்லியம் ஒரு முழு நாடகமே தருகிறார்: துடுப்பில்லாத ஓட்டைப் படகில் தம்பியை ஏற்றிவிட்டானாம் மன்னன், மனமுடைந்த எட்வின் கடலில் குதித்தானாம், பாவம் தீர மன்னன் ஏழு ஆண்டுகள் தவமிருந்தானாம். பழம்பாடல்களில் கேட்ட கதை என்பதால் அவரே அதை முழுசாக நம்பவில்லை.

எட்வின் இறந்து சுமார் முப்பது ஆண்டுகளில், இதே மடத்துத் துறவி ஃபோல்குயின் எழுதியது வேறு. நாட்டில் ஏதோ குழப்பம், எட்வின் கப்பலேறினான், புயல் கவிழ்த்தது, உடல் கரையொதுங்கியது. அவனுடைய அத்தை மகன் அடெலோல்ஃப் பிரபு அதை எடுத்துவந்து இங்கே அடக்கம் செய்தார். அதற்காக அதெல்ஸ்டன் மடத்துக்குக் கொடைகள் அனுப்பினான். ஃபோல்குயின் எட்வினை ‘அரசன்’ என்றே குறிப்பிடுகிறார். அவன் ஆட்சியில் பங்கு கேட்டிருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

கொடை அனுப்பியது குற்ற உணர்விலா, சகோதர பாசத்திலா என்று வாதாடலாம். ஆனால், 944இல் மடச் சீர்திருத்தத்தை ஏற்காமல் வெளியேறிய இம்மடத்துத் துறவிகளுக்கு அதெல்ஸ்டனுக்குப் பின் அரியணையேறிய, எட்வினின் தம்பி முறையான எட்மண்ட் மன்னன் பாத் நகர மடத்தைக் கொடுத்து ஆதரித்தான். அண்ணனை அடக்கம் செய்த நன்றிக்காக. குடும்பம் அவனை மறைக்க நினைத்ததாகத் தெரியவில்லை. எட்வின் தப்பியோடும் வழியில் புயலில் இறந்தான் என்பதே என் முடிவு. கொலைப்பழிக்குச் சான்று போதாது.