கியூபெக் பிரியுமா?

பத்திரிகைத் தொழிலிலே தலை நரைத்தவர்களுக்குச் சில தலைப்புகள் பழையனவாவதே இல்லை. 'கியூபெக் பிரியுமா?' என்பது அவற்றுள் ஒன்று. 2022ஆம் ஆண்டு மாகாணத் தேர்தலில் 125 ஆசனங்களில் மூன்றை மட்டுமே வென்றபோது, தனிநாட்டை இலட்சியமாகக் கொண்ட பார்ட்டி கியூபெக்குவா கட்சிக்குப் பலரும் இரங்கலுரை எழுதிவிட்டனர். அதே கட்சி சில ஆண்டுகளிலேயே எழுந்து நின்று, ஆட்சிக்கு வந்தால் 2030க்குள் மூன்றாவது சர்வசன வாக்கெடுப்பை நடத்துவோம் என்று அறிவித்தது. கனடாவிலுள்ள நண்பர்கள் மறுபடியும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினர். கொழும்பில் இருப்பவனிடம் ஏன் கேட்கிறீர்கள் என்றால், "உங்களுக்குத்தானே இந்த விடயம் நன்றாகத் தெரியும்" என்கிறார்கள்!

கதை 1759இல் தொடங்குகிறது. கியூபெக் நகருக்கு வெளியே ஆபிரகாம் சமவெளியில் பிரெஞ்சுப் படை பிரித்தானியப் படையிடம் தோற்றது. 1763இல் பாரிஸ் ஒப்பந்தத்தின் வழியே அந்த நிலம் கைமாறியது. அங்கு வாழ்ந்த மக்கள் தம் மொழியையும் கத்தோலிக்க சமயத்தையும் விடாது பற்றிக்கொண்டனர். ஆனால் வர்த்தகமும் கைத்தொழிலும் ஆங்கிலம் பேசுவோர் கையிலேயே இருந்தன. தம் சொந்த மாகாணத்திலேயே பிரெஞ்சு மொழியினர் வருமான வரிசையின் அடிமட்டத்தில் இருந்ததை, 1963இல் மத்திய அரசு நியமித்த ஆணைக்குழுவே பதிவு செய்தது. 1967இல் மொன்றியல் நகர மண்டபத்து மாடத்தில் நின்று பிரெஞ்சு ஜனாதிபதி டி கோல் 'சுதந்திர கியூபெக் வாழ்க' என்று முழங்கியபோது கூட்டம் ஆர்ப்பரித்ததற்குக் காரணம் இதுவே.

ஆயுதமும் அங்கு எடுக்கப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1970 ஒக்டோபரில் கியூபெக் விடுதலை முன்னணியினர் பிரித்தானிய இராஜதந்திரி ஒருவரையும் மாகாண அமைச்சர் பியர் லாப்போர்ட்டையும் கடத்தினர். அமைச்சர் கொல்லப்பட்டார். பிரதமர் பியர் ட்ரூடோ யுத்தகால நடவடிக்கைகள் சட்டத்தை அமுலாக்கினார். சுமார் ஐந்நூறு பேர் பிடியாணையின்றிக் கைது செய்யப்பட்டனர். எனினும், மக்கள் துப்பாக்கியின் பின்னே செல்லவில்லை. ஆறு ஆண்டுகளின் பின், 1976 நவம்பரில், வாக்குப் பெட்டி வழியே பார்ட்டி கியூபெக்குவாவை ஆட்சியில் அமர்த்தினர்.

அக்கட்சியைத் தோற்றுவித்த ரெனே லெவெக் ஒரு பத்திரிகையாளர்; யுத்தச் செய்தியாளராகவும் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்துநராகவும் பணியாற்றியவர். 1980 மே 20இல் நடந்த முதலாவது வாக்கெடுப்பில் அவரை எதிர்த்து 'வேண்டாம்' அணிக்குத் தலைமை தாங்கிய குளோட் றையன், 'லு தெவுவார்' நாளேட்டை நடத்தியவர். எங்கள் தொழிலைச் சேர்ந்த இருவர் ஒரு நாட்டின் தலைவிதியைப் பற்றி எதிரெதிர் மேடைகளில் வாதாடினர் என்பதில் எனக்கு ஓர் அற்ப பெருமை உண்டு. ஏறத்தாழ 60 வீதத்தினர் வேண்டாம் என்றனர். லெவெக் கண் கலங்கினார். அடுத்த முறை பார்ப்போம் என்ற பொருளில் பேசினார். வாக்கெண்ணிக்கையைக் குறை கூறவில்லை.

அடுத்த முறை 1995 ஒக்டோபர் 30இல் வந்தது. வாக்காளரில் 93 வீதத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். வேண்டாம் என்றோர் 50.58 வீதம், வேண்டும் என்றோர் 49.42 வீதம். வித்தியாசம் 54,288 வாக்குகள். நிராகரிக்கப்பட்ட வாக்குச் சீட்டுகள் அதைவிட அதிகம்: 86,501! ஒரு பெரிய நாடு நூலிழையில் தொங்கிய இரவு அது. மறுநாள் இராணுவம் தெருவுக்கு வரவில்லை. ஊரடங்குச் சட்டம் இல்லை.

அந்தத் திகதியை என்னால் மறக்க முடியாதிருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதே ஒக்டோபர் 30 இரவில்தான் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதி மக்கள் மழையிலே, மூட்டை முடிச்சுகளுடன், இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். செய்தித் தணிக்கை நடைமுறையில் இருந்த காலம். நேர வித்தியாசத்தால் கியூபெக் முடிவு கொழும்புக்கு எட்டியது 31ஆம் திகதி காலையில். அதன் ஒவ்வொரு எண்ணையும் நாங்கள் அச்சிடலாம். நாவற்குழிப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தவர்களைப் பற்றி அவ்வாறு எழுத முடியாது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

இன்னோர் ஒப்புமையையும் சொல்லியாக வேண்டும். 1993இல் லூசியன் பூஷாரின் தனிநாட்டுக் கட்சி ஒட்டாவா பாராளுமன்றத்தில் பிரதான எதிர்க்கட்சியானது. 1977இல் கொழும்பிலும் அவ்வாறே நடந்தது. தனிநாட்டுக்கு ஆணை கேட்டு வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1983 ஓகஸ்டில் ஆறாவது திருத்தம் பிரிவினை பேசுவதையே குற்றமாக்கியது. கூட்டணியினர் சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்து ஆசனங்களை இழந்தனர். பூஷாரோ 1996இல் கியூபெக்கின் முதல்வரானார்.

கனடா தன் கேள்வியை நீதிமன்றத்துக்கும் கொண்டு சென்றது. 1998 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் இரு தரப்புக்கும் ஒரு கட்டு வைத்தது. கியூபெக் தன்னிச்சையாகப் பிரிய முடியாது. ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால், பேச்சுவார்த்தைக்கு வர வேண்டியது ஏனையோரின் கடமை. எது தெளிவு என்பதைப் பாராளுமன்றம் ஆராய்வதற்கு 2000ஆம் ஆண்டில் சட்டமும் வந்தது. பிரிவினைவாதிகள் அதை இன்றும் வெறுக்கின்றனர். வெறுப்பதாகச் சபையிலேயே எழுந்து சொல்கின்றனர்.

இதையெல்லாம் சொல்வதால் கியூபெக் ஒரு பூலோக சொர்க்கம் என்று யாரும் கருத வேண்டாம். 1995இல் தோற்ற இரவு, அப்போதைய முதல்வர் ஜாக் பரிசோ, பணமும் 'இன வாக்குகளும்' தம்மைத் தோற்கடித்தன என்றார். மொன்றியலில் குடியேறியிருந்த தமிழர்களும் அந்த இன வாக்குகளுக்குள் அடக்கம்தானே! மறுநாள் அவர் பதவி விலகுவதாக அறிவித்தார். வட பகுதியின் கிறீ பூர்வகுடியினர், மாகாண வாக்கெடுப்புக்குச் சில நாட்கள் முன்னரே தமக்கெனத் தனி வாக்கெடுப்பு நடத்தி, எங்களைக் கேளாமல் எங்கள் நிலத்தைக் கொண்டு போகாதீர்கள் என்று 96 வீதத்தால் சொல்லிவிட்டனர். சிறுபான்மைக்குள்ளும் சிறுபான்மை உண்டு. தனிநாடு கேட்கும் எவரும் இக்கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டும்.

பின், ஏன் பிரியவில்லை? என் எண்ணத்தில் பெரிய காரணம் 1977இல் லெவெக் அரசே கொண்டுவந்த 101ஆம் இலக்கச் சட்டம். அது பிரெஞ்சைத் தொழிலகத்தினதும் பெயர்ப்பலகையினதும் மொழியாக்கியது. குடியேறிகளின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பாடசாலைக்கு அனுப்பியது. பிரான்சிலேயே வீதிப் பலகையில் 'ஸ்ரொப்' என்றிருக்க, கியூபெக்கில் 'அரே' என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறது! மொழிக்குக் காவல் கிடைத்தபின், தனிநாடு இன்றியும் வாழலாம் என்று பலர் எண்ணினர். தனிநாட்டுக் கட்சி தன் வெற்றியாலேயே தன் தேவையைக் குறைத்துக்கொண்டது. மொன்றியலில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் இன்று தமக்குள் சரளமாகப் பிரெஞ்சு பேசுவதும் அச்சட்டத்தின் விளைவே.

அச்சம் முற்றாக நீங்கிவிடவில்லை. கியூபெக்கில் வீட்டில் பெரும்பாலும் பிரெஞ்சு பேசுவோர் 2016இல் 79 வீதம்; 2021இல் 77.5 வீதம். ஒன்றரை வீதம்தானே என்பீர்கள். வட அமெரிக்க ஆங்கிலக் கடலின் நடுவே இருப்பவருக்கு அது சிறிய எண் அல்ல. 2022இல் மொழிச் சட்டம் மேலும் இறுக்கப்பட்டதும், தனிநாட்டுக் குரல் மீண்டும் ஓங்கியதும் இதனாலேயே.

எனவே நண்பர்களுக்கு என் பதில் இதுதான். மூன்றாவது வாக்கெடுப்பு ஒன்று நடந்தாலும், கியூபெக் மக்கள் கதவைத் திறந்து வைத்திருப்பார்களே அன்றி, அதன் வழியே வெளியேறுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. என் கணிப்பு பொய்த்துப் போகலாம். பொய்த்தாலும், பிரிவது எப்படி என்று பேச அங்கே ஒரு மேசை இருக்கும். அந்த மேசை இல்லாத ஊரில் வாழ்ந்தவர்களுக்கே அதன் பெறுமதி தெரியும்.