கரடிக் காட்டில் கைத்துப்பாக்கி

நம்மில் பெரும்பாலோருக்குத் துப்பாக்கியின் பரிச்சயம் தீபாவளிக் கேப்புத் துப்பாக்கியோடு முடிந்துவிடுகிறது. நானும் அந்தப் பெரும்பான்மைக் கட்சியைச் சேர்ந்தவன்தான். ஆகையால், அலாஸ்காவில் அங்கரேஜ் நகரத்தில் நான் விருந்தாளியாகத் தங்கியிருந்தபோது, வீட்டுக்கார நண்பர், "கரடிக்காக ஒரு கைத்துப்பாக்கி வாங்கவேண்டும், கூட வாருங்கள்" என்று அழைத்தது எனக்கு விளங்கவில்லை. மூஸ் மான் வேட்டைக்கு அவரிடம் நல்ல ரைபிள் இருந்தது. மானைச் சாய்க்கும் ரைபிள் கரடியைச் சாய்க்காதோ?

விஷயம் அதுவல்ல. சுட்ட மூஸின் இறைச்சியைக் காட்டிலே போட்டுவிட்டு வருவது அங்கே குற்றம். பெரிய ஆண் மூஸ் ஒன்றில் சுமார் 500 ராத்தல் இறைச்சி தேறும். அதை அறுத்து முடிக்கப் பல மணி நேரம் ஆகும். வேட்டைக்காரன் மண்டியிட்டுக் குனிந்திருக்கிறான். இரு கைகளிலும் ரத்தம். ரைபிளோ பத்தடி தள்ளி மரத்தில் சாய்ந்திருக்கிறது. ரத்த வாடை காற்றோடு போகிறது. பழுப்புக் கரடிக்கு இதைவிட விருந்தழைப்பு வேண்டுமா? அது மணிக்கு 35 மைல் வேகத்தில் ஓடக்கூடிய பிராணி. 30 கஜ தூரத்தில் புதரை விலக்கிக்கொண்டு வந்தால், மனிதனுக்குள்ள அவகாசம் இரண்டு விநாடிகூட இல்லை. அதற்காகத்தான் கைத்துப்பாக்கி. அதையும் இடுப்பில் வைத்தால் மூட்டையின் வார் தடுக்குமென்று மார்பிலே உறை கட்டிக்கொள்கிறார்கள்.

அந்த வருஷம் முதன்முறையாகத் தம் பதினாறு வயது மகளையும் அழைத்துப் போக நண்பர் தீர்மானித்திருந்தார். அவருடைய மனைவியார் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவரைக் கலக்கிற்று.

கடைக்காரர் பெரியதையே சிபாரிசு செய்தார். 1955-இல் வந்த '44 மாக்னம்', 2003-இல் வந்த '500 மாக்னம்' எல்லாம் மேஜைமேல் வந்தன. பின்னது சுமார் 4 ராத்தல் கனம், ஐந்தே தோட்டா. சின்னத் துப்பாக்கிக்காரரைப் பற்றி அங்கே ஒரு பழைய ஹாஸ்யமும் உண்டு: 'முனையிலுள்ள குறியை அராவி வழவழப்பாக்கிவிடு, கரடி அதைப் பிடுங்கி உனக்குள்ளேயே செருகும்போது வலி குறைவாயிருக்கும்!'

சுட்டுப் பார்த்ததில் ஹாஸ்யம் குறைந்துவிட்டது. 44 மாக்னத்தின் முதல் குண்டு குறியில் பட்டது. துப்பாக்கி வானத்தை நோக்கி எழும்பியது. அது இறங்கி மறுபடி குறிக்கு வருவதற்குள் கரடி வந்து சேர்ந்திருக்கும். சக்தியிலோ அது பெரிய வேட்டை ரைபிளில் மூன்றில் ஒரு பங்குதான். 15 தோட்டாக் கொள்ளும் '10 மில்லிமீட்டர்' பிஸ்டலில் அதே நேரத்துக்குள் நாலு குண்டு குறியில் விழுந்தன. நண்பர் அதையே எடுத்தார். தோட்டாவில்தான் அதிக யோசனை. மனிதரிடமிருந்து தற்காத்துக்கொள்ள விற்கும் தோட்டா, பட்டதும் மலர்ந்து நின்றுவிடும். கரடியின் தசையையும் எலும்பையும் அது கடப்பது சந்தேகம். கெட்டி ஈயக் கலவையில் வார்த்த, தட்டை மூக்குத் தோட்டாவே உசிதம்.

இவ்வளவுக்கும் பிறகு, மிளகாய்க் காரத்தை நிரப்பிய குப்பி ஒன்று இருக்கிறது! 1985 முதல் 2006 வரை அலாஸ்காவில் அதைப் பிரயோகித்த 83 சம்பவங்களை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். பழுப்புக் கரடிகளிடம் நூற்றுக்குத் 92 தடவை பலித்ததாம். 2012-இல் வந்த வேறோர் ஆராய்ச்சியில் கைத்துப்பாக்கிக்கு 84. நீளத் துப்பாக்கிக்கு 76. சம்பவங்கள் வேறு வேறானபடியால் இந்த எண்களை நேருக்கு நேர் தராசில் நிறுக்க முடியாது. எதிர்க்காற்றடித்தால் மிளகாய் நம் கண்ணுக்கே வரும். ஆனாலும் நம் மிளகாய்க்கு இந்தப் பெருமை கிடைத்ததில் எனக்குப் பரம திருப்தி.

அன்றிரவு மனைவியார் வாயைத் திறந்தார். "நீங்கள் குனிந்து அறுக்கும்போது காவல் நிற்பது யார்?"

கடைக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மறுநாள் இரண்டு மிளகாய்க் குப்பிகள் வந்தன. அறுக்கும் வேலை தகப்பனுக்கு. புதரைப் பார்த்து நிற்கும் வேலை மகளுக்கு. நான் புறப்பட்ட தினத்தன்று அந்தப் பெண் கொல்லைப்புறத்தில் குப்பியை உறையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். தகப்பனார் கையில் கடிகாரத்துடன் விநாடி எண்ணிக்கொண்டிருந்தார்.